புது ஆம்ப் வாங்கும் முன் பாருங்கள்: ராமநாதபுரம் கடற்கரைக் கார்களுக்கு ஆடியோ பிழை நீக்கும் வழிமுறை

தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும், ராமேஸ்வரம் தீவையும் சேர்த்து, இந்தக் கரையில் ஓடுகிற கார்களில் பாட்டு கெட்டுப்போவதற்கு ஆம்ப் (சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப்ளிஃபையர்) சின்னதாக இருப்பது பெரும்பாலும் காரணம் இல்லை. உப்புதான் காரணம். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் பக்கமும், வாடைக் காலத்தில் தேவிபட்டினம், தொண்டி பக்கமும் காற்றோடு உப்பு ஈரம் வருகிறது. அது போதாதென்று வண்டி கழுவுகிற போர் தண்ணீரும் பல ஊர்களில் கரிக்கிறது. இந்த உப்பு எர்த் போல்ட்டிலும் (நெகட்டிவ் வயரை வண்டியின் இரும்பில் பிடிக்கிற போல்ட்) ஃபியூஸ் ஹோல்டரிலும் ஸ்பீக்கர் டெர்மினலிலும் உட்கார்ந்து மின்தடையை ஏற்றிவிடும், அப்புறம் சத்தம் குறையும், கரகரக்கும், விசில் வரும். உடனே "அண்ணே, இன்னும் பெரிய ஆம்ப் போட்டுருவோமா" என்று கடையில் போய் நிற்கிறோம். அதே பழைய எர்த்தில் பெரிய ஆம்பை ஏற்றினால் அது இழுக்கிற கரண்ட் கூடும், எர்த்தில் விழுகிற வோல்ட்டேஜும் கூடும், கோளாறு முன்னைவிட மோசமாகும்.

அதனால் முதலில் என்ன அறிகுறி என்று பார்ப்போம். எதை வாங்குவது என்ற பேச்சு கடைசியில்.

கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான்: ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு 1.5 வோல்ட் பேட்டரி செல், உப்புத்தாள், பழைய டூத் பிரஷ், சமையல் சோடா, வாசலின் அல்லது கிரீஸ், சோதனைக்குப் போட்டுப் பார்க்க ஒரு போன்.

எதையும் கழற்றும் முன்

இன்ஜின் நிறுத்தி சில மணி நேரம் ஆன வண்டியில் பேட்டரியின் இரண்டு டெர்மினலுக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் நல்ல பேட்டரி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். இப்போது அதே இரண்டு அளவையும் ஆம்பின் பவர், எர்த் டெர்மினல்களில் எடுங்கள், ஆனால் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு. பேட்டரியில் 14, ஆம்பில் 12.8 என்று வந்தால் அந்த 1.2 வோல்ட் வழியில் எங்கோ சூடாகப் போய்க்கொண்டிருக்கிறது. அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம், அதைத் தாண்டினால் மேலே படிக்கும் முன் வயரையும் ஃபியூஸ் ஹோல்டரையும் எர்த்தையும் பாருங்கள்.

பேட்டரி டெர்மினலில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருந்தால் நெகட்டிவை முதலில் கழற்றி, சோடா கரைத்த தண்ணீரால் பிரஷ் போட்டுக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து முறுக்குங்கள். வாசலின் முறுக்கிய பிறகுதான், மேலாகத் தடவ வேண்டும்.

ஆக்சிலரேட்டரை மிதித்தால் விசிலும் கூடவே ஏறுகிறது

இதுதான் அதிகம் வருகிற புகார், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் மின்சாரத்தில் ஒரு சின்ன அலை எப்போதும் இருக்கும். டேஷ்போர்டில் இருக்கிற செட்டும் ஆம்பும் வேறு வேறு இடத்தில் எர்த் ஆகி, இரண்டு எர்த்துக்கும் நடுவில் சின்ன வோல்ட்டேஜ் வித்தியாசம் இருந்தால், அந்த அலை, செட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகிற ஆர்.சி.ஏ. கேபிளின் வெளிக்கம்பி வழியாக நுழைந்து பாட்டோடு சேர்ந்துவிடும். இன்ஜின் வேகம் கூடினால் அலையின் வேகமும் கூடும், விசிலும் கீச்சென்று ஏறும்.

முதலில் லைட்டர் சாக்கெட்டில் இருக்கிற போன் சார்ஜரைப் பிடுங்குங்கள். ஆக்ஸ் கேபிளில் பாட்டு ஓடிக்கொண்டிருக்க, அதே போன் மலிவான சார்ஜரிலும் மாட்டியிருந்தால் விசிலுக்கு அது ஒன்றே போதும். அடுத்து வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். விசிலும் சேர்ந்து அடங்கினால் கோளாறு செட்டுக்கு முன்னால், அதாவது போன், சார்ஜர், ஆக்ஸ் பக்கம். வால்யூம் பூஜ்யத்திலும் விசில் அதே அளவில் இருந்தால் செட்டுக்குப் பின்னால்.

பின்னால் என்று தெரிந்தால், ஆம்பை அணைத்துவிட்டு ஆர்.சி.ஏ. பிளக்கை ஆம்பிலிருந்து உருவி, மறுபடி ஆன் செய்யுங்கள். இன்னமும் விசில் வந்தால் ஆம்பின் எர்த் அல்லது ஆம்ப்தான். நின்றுவிட்டால், சார்ஜரில் மாட்டாத ஒரு போனை நேராக ஆம்பில் இணைத்துப் பாட்டு போடுங்கள். விசில் இல்லாமல் சுத்தமாகப் பாடினால் ஆம்ப் நன்றாக இருக்கிறது, சந்தேகம் ஆர்.சி.ஏ. கேபிள் மேலும் செட் மேலும் போகிறது. செட்டை அணைத்து, ஆர்.சி.ஏ. சாக்கெட்டின் வெளிவளையத்துக்கும் செட்டின் உலோக உடலுக்கும் நடுவில் ஓம் பாருங்கள். பெரும்பாலான செட்களில் பூஜ்யத்தை ஒட்டி வரும். திறந்த சர்க்யூட் காட்டினால் உள்ளே இருக்கிற மெல்லிய எர்த் தடம் எரிந்திருக்கிறது. ஆம்பின் எர்த் லூசாக இருக்கும்போது முழுக் கரண்டும் ஆர்.சி.ஏ. வழியாகத் திரும்பப் பார்க்கும், அப்போது எரிவது அந்தத் தடம்தான். செட்டை மாற்ற வேண்டியதில்லை, போர்டு வேலை தெரிந்தவர் சரிசெய்துவிடுவார். ஆனால் லூசான எர்த்தைச் சரிசெய்யாமல் விட்டால் அது மறுபடியும் எரியும்.

இப்போது எர்த். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து ஒரு முனையை ஆம்பின் எர்த் டெர்மினலிலும் மறுமுனையை, நீளமான வயர் ஒன்று கட்டி, பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். பாட்டைச் சத்தமாக விடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.3, 0.4 என்று துள்ளினால் கோளாறு கையில் கிடைத்துவிட்டது. ஓம் மீட்டரில் 'பீப்' அடித்துப் பார்த்து "எர்த் ஓகே" என்று சொல்வதை நம்பாதீர்கள். துருப்பிடித்த போல்ட்டும் பீப் அடிக்கும், ஆனால் 40 ஆம்பியரைத் தாங்காது.

எர்த் போடுகிற முறையில் இந்தக் கரைக்கென்று ஒரு கூடுதல் வேலை உண்டு. பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து இரும்பு பளிச்சென்று தெரிய வேண்டும், வெள்ளீயம் பூசிய செம்பு லக்கை (வயர் முனையில் மாட்டுகிற வளையம்) வயரோடு நன்றாக நசுக்கிப் பிடித்து, பல் வாஷர் போட்டு முறுக்க வேண்டும். இதுவரை எல்லா ஊரிலும் ஒன்றுதான். மதுரையில் இதோடு விட்டுவிடலாம், மண்டபத்தில் விட முடியாது. தேய்த்துத் திறந்த இரும்பு ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடித்து, துரு லக்கின் அடியில் ஊர்ந்துவிடும். முறுக்கி முடித்ததும் லக்கையும் சுற்றியுள்ள இரும்பையும் சேர்த்து கிரீஸோ பெயின்ட்டோ கொண்டு மூடிவிடுங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் எடுக்கவே கூடாது, அது உயிர் காக்கிற போல்ட். மீன் லோடு ஏற்றுகிற வண்டியில் பின் பாடியில் எடுக்காதீர்கள், ஐஸ் உருகி வழிகிற தண்ணீர் அந்த எர்த்தைச் சீக்கிரமே தின்றுவிடும், டிரைவர் கேபினுக்குள் எடுங்கள்.

பவர் வயரும் ஆர்.சி.ஏ. கேபிளும் ஒரே பக்கத்தில் ஒட்டி ஓடினால் ஒன்றை மறுபக்கத்துக்கு மாற்றுங்கள். இதையெல்லாம் செய்யாமல் 'நாய்ஸ் ஃபில்டர்' என்று விற்கிற சின்ன டப்பாவை நடுவில் மாட்டுவது எனக்கு உடன்பாடில்லை. மலிவானவை விசிலோடு சேர்த்து கீழ்ச்சுரத்தையும் (பேஸ்) வெட்டிவிடும், கெட்ட எர்த் அப்படியே உள்ளே இருக்கும்.

கரகரப்பு

கரகரப்பு மூன்று வகை, மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

மெதுவாக வைத்தாலும் ஒரு குறிப்பிட்ட ஸ்பீக்கர் மட்டும் சொறிகிற மாதிரி சத்தம் போட்டால், பாட்டை அணைத்துவிட்டு அந்தக் கோனின் இரண்டு பக்கத்திலும் விரல் வைத்து மெதுவாக, சமமாக உள்ளே அழுத்தி விடுங்கள். உரசுவது விரலுக்கே தெரியும். காந்த இடுக்கில் துரு ஏறியிருக்கும், இல்லை கோனை அசைக்கிற கம்பிச்சுருள் (காயில்) சூட்டில் வளைந்திருக்கும், தனுஷ்கோடி பக்கம் அடிக்கடி போகிற வண்டியில் நுண்மணலும் இருக்கலாம். இதற்கு ஸ்பீக்கரை மாற்றுவதுதான் வழி. ஆனால் ஏன் துருவேறியது என்று டோருக்குள் பாருங்கள். கார் கதவுக்குள் கண்ணாடி வழியாகத் தண்ணீர் இறங்குவது இயல்பு, கீழே துளை வழியாக அது வெளியேறிவிடும். டோர் பேடுக்கும் உலோகத்துக்கும் நடுவில் கம்பெனி ஒட்டி அனுப்புகிற பாலிதீன் தாள் அந்த ஈரத்தை இந்தப் பக்கம் வராமல் தடுப்பதற்கு. ஸ்பீக்கர் மாட்டுகிற அவசரத்தில் அதைக் கிழித்து எறிந்திருந்தால் திரும்ப ஒட்ட வேண்டும். ஸ்பீக்கரின் பின்பக்க மேல்பாதிக்கு ரப்பரில் ஒரு கூரை மாதிரி மூடி கிடைக்கிறது, இங்கே அது அவசியம். அடியில் இருக்கிற வடிகால் துளைகள் மண் அடைத்திருந்தால் குத்திவிடுங்கள்.

குறிப்பிட்ட பேஸ் அடிக்கு மட்டும் 'டர்ர்' என்றால் பாட்டு ஓடும்போதே டோர் பேடை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். நின்றால் கிளிப், ஸ்க்ரூ, கதவுக்குள் தொங்குகிற வயர் இவற்றில் ஒன்றுதான். ஸ்பாஞ்ச் டேப் போதும்.

மூன்றாவது வகைதான் ஸ்பீக்கரைக் கொல்வது. குறைந்த சத்தத்தில் எல்லாம் அழகாக இருக்கும், ஒரு அளவைத் தாண்டியதும் எல்லா ஸ்பீக்கரும் ஒன்றாகக் கரகரக்கும். ஆம்ப் தன் வோல்ட்டேஜ் எல்லையைத் தொட்டு அலையின் தலையை வெட்டுகிறது, இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். வெட்டுப்பட்ட அலையில் சராசரி பவரும் கூடும், மேல்சுரமும் கூடும், அதனால்தான் மேல்சுரம் பாடுகிற சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் முதலில் போகிறது. இதற்கு முக்கியக் காரணம் கெய்ன் திருகை வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருகி வைப்பது. செட் அனுப்புகிற சிக்னல் எத்தனை வோல்ட் என்பதற்கு ஆம்பைப் பொருத்திவைக்கிற திருகு அது. கெய்னைக் குறைத்தால் ஆம்பின் பவர் குறையாது.

கெய்ன் வைக்கிற முறை இது. ஸ்பீக்கர் வயர்களை ஆம்பிலிருந்து கழற்றுங்கள். செட்டில் பேஸ், ட்ரெபிள், லவுட்னஸ் எல்லாம் பூஜ்யம், ஆம்பில் பேஸ் பூஸ்ட் அணை, வால்யூம் முக்கால் அளவு. டோர் ஸ்பீக்கர் சேனலுக்கு 1000 ஹெர்ட்ஸ், சப்வூஃபர் (பேஸுக்கு மட்டுமான பெரிய ஸ்பீக்கர்) சேனலுக்கு 50 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஆம்பின் ஸ்பீக்கர் முனையில் மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வையுங்கள். எத்தனை வோல்ட் வர வேண்டும் என்பதற்குக் கணக்கு, வாட்ஸையும் ஓமையும் பெருக்கி அதன் வர்க்கமூலம். 50 வாட்ஸ் 4 ஓம் என்றால் 14.1 வோல்ட், 75 வாட்ஸ் 4 ஓம் என்றால் 17.3, 300 வாட்ஸ் 2 ஓம் என்றால் 24.5. ஆம்பின் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ்), ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தாங்கக்கூடிய வாட்ஸ்), இரண்டில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். கெய்னைக் கீழிருந்து மெதுவாக ஏற்றி அந்த வோல்ட் வந்ததும் நிறுத்துங்கள். இனி அந்த முக்கால் வால்யூம்தான் உங்கள் எல்லை.

அதே நேரத்தில் டோர் ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் (குறிப்பிட்ட அளவுக்குக் கீழான சுரத்தை வெட்டுகிற அமைப்பு) 80 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்துவிடுங்கள். ஆறரை இன்ச் கோனை 40 ஹெர்ட்ஸில் குத்தவிடுவதால் பேஸ் வராது, ஸ்பீக்கர்தான் களைத்துப்போகும்.

எல்லாம் புதுசு, ஆனாலும் பேஸ் இல்லை

பேலன்ஸை முழுக்க இடதுபக்கம் தள்ளிக் கேளுங்கள், அப்புறம் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பாடும்போது இருந்த பேஸ், இரண்டும் சேர்ந்ததும் காணாமல் போனால், ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு கோன் வெளியே தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுத்தால் கீழ்ச்சுரம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆம்ப் பக்கம் வயரைக் கழற்றி 1.5 வோல்ட் செல்லை ஒரு நொடி தொட்டுவிடுங்கள். செல்லின் பிளஸ், வயரின் பிளஸ் என்று தொடும்போது கோன் வெளியே வர வேண்டும். எல்லா டோரிலும் செய்யுங்கள். ஆனால் கூடவே கெப்பாசிட்டர் இணைந்திருக்கிற தனி ட்வீட்டரில் இந்தச் சோதனை வேலைக்கு ஆகாது.

பேஸ் முழுக்க அழிந்துபோகாமல் மெலிந்து, உடம்பில்லாமல் இருந்தால் கதவைப் பாருங்கள். டோர் பேடைக் கழற்றினால் உள் தகட்டில் கையே நுழைகிற பெரிய ஓட்டைகள் இருக்கும். ஸ்பீக்கரின் முன்பக்கத்து ஒலியும் பின்பக்கத்து ஒலியும் அந்த ஓட்டை வழியாகச் சந்தித்துக் கழிந்துவிடுகின்றன. ஒரு பக்கத் தோல் கிழிந்த தவிலை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் நாதம் வராது, இந்தக் கதவும் அப்படித்தான். ஓட்டைகளை மெல்லிய அலுமினியத் தகடு அல்லது ப்யூட்டைல் ஷீட் (ஒட்டுகிற ரப்பர் தாள்) கொண்டு மூடி, வெளித்தகட்டின் உள்புறத்தில் கையெட்டும் இடத்தில் கொஞ்சம் ப்யூட்டைல் ஒட்டி, ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் ஃபோம் வளையம் வைத்து முறுக்குங்கள். ஈரத்தைக் குடிக்கிற சாதாரண ஸ்பாஞ்சை கதவுக்குள் ஒட்டக்கூடாது, அது உப்புத் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு கதவையே அடியிலிருந்து அரித்துவிடும். மூடிய செல் ஃபோம் என்று கேட்டு வாங்குங்கள். இந்த வேலை முடிந்த வண்டியில் பழைய ஸ்பீக்கரும் பழைய ஆம்பும் வேறு செட் மாதிரி பாடும், பணம் போடுவதென்றால் முதல் பணத்தை நான் இங்கேதான் போடச் சொல்வேன்.

ஜன்னலைத் திறந்துவிட்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டினால் பேஸ் காணாமல் போகிறது என்பவர்களுக்குக் கோளாறு எதுவும் இல்லை. காற்றின் இரைச்சல் முக்கியமாகக் கீழ்ச்சுரத்தில்தான் இருக்கிறது, அது பாட்டின் பேஸை மூடிவிடும்.

ஆம்பில் சிவப்பு விளக்கு, பாட்டு கட்

ஆம்ப் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஸ்பீக்கர் வயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பச்சை வந்தால் ஸ்பீக்கர் பக்கம் ஷார்ட். ஒவ்வொரு ஜோடியாக ஓம் பாருங்கள், 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.8 வரை காட்டும், ஒன்றுக்குக் கீழே போனால் காயில் எரிந்திருக்கிறது அல்லது வயர் நசுங்கியிருக்கிறது. ஒவ்வொரு வயருக்கும் வண்டி பாடிக்கும் நடுவிலும் பாருங்கள், அங்கே எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. எல்லாம் கழற்றியும் சிவப்பாகவே இருந்தால் ஆம்ப் உள்ளே போயிருக்கிறது.

ஓம் கணக்கிலும் தப்பு நடக்கும். 4+4 டபுள் காயில் சப்வூஃபரைப் பேரலலாக இணைத்தால் 2 ஓம். அப்படி இரண்டு சப்வூஃபரைப் பேரலலாக வைத்தால் 1 ஓம். நாலு சேனல் ஆம்பை பிரிட்ஜ் செய்தால் (இரண்டு சேனலைச் சேர்த்து ஒன்றாக ஓட்டினால்) பெரும்பாலானவை 4 ஓமுக்குக் கீழே தாங்காது.

ராமேஸ்வரத்தில் யாத்திரை வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. அக்னி தீர்த்தத்தில் குளித்து, கோயிலுக்குள் 22 தீர்த்தத்திலும் நனைந்து, ஈரத்துணியோடு ஆட்கள் வண்டியில் ஏறுகிறார்கள். அந்தத் தண்ணீர் சீட்டில் இறங்கி, கார்ப்பெட்டில் ஊறி, சீட்டுக்கு அடியில் இருக்கிற ஆம்பின் டெர்மினலுக்குப் போகிறது, அதில் கடல்தண்ணீரும் சேர்ந்திருக்கிறது. ஆம்பின் இணைப்பு முனையில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் இதுதான் காரணம். அந்த வண்டிகளில் சீட்டுக்கு அடியில் ஆம்ப் வைக்கவே வேண்டாம். பின் சீட்டின் முதுகுப் பலகையில் நிமிர்த்தி, வயர்கள் கீழ்ப்பக்கமாக வெளியேறும்படி மாட்டுங்கள், தண்ணீர் வயர் வழியாக ஓடிவந்து டெர்மினலுக்குள் இறங்காது.

அரை மணி நேரம் பாடிவிட்டு நின்று, ஆறியதும் மறுபடி பாடினால் சூடு. அரிச்சல்முனையில் நிழலே இல்லாமல் நிறுத்திய கார் ஏற்கெனவே அடுப்பாகியிருக்கும். ஆம்பைச் சுற்றிக் காற்று போக இடம் விடுங்கள், கார்ப்பெட்டால் மூடாதீர்கள்.

பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குகிறது

கெப்பாசிட்டர் மாட்டச் சொல்வார்கள். அது ஒரு கணத்துப் பள்ளத்தை நிரப்பும், புதிதாகக் கரண்ட் உண்டாக்காது. சின்னக் கார்களின் ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் 60 முதல் 90 ஆம்பியர் வகை, இரவில் ஏசியும் ஹெட்லைட்டும் ஓடும்போது அதில் பெரும்பங்கு ஏற்கெனவே போய்விடுகிறது. 500 வாட்ஸ் கிளாஸ் டி (கரண்டை அதிகம் சூடாக வீணாக்காத வகை) ஆம்ப் முழு பவரில் ஏறக்குறைய 45 ஆம்பியர் இழுக்கும், பாட்டில் சராசரி அதைவிட நன்றாகக் குறைவு என்பதால் சமாளிக்கிறது. முதலில் பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும், இன்ஜினிலிருந்து பாடிக்கும் போகிற எர்த் பட்டைகளையும், ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி பிளஸுக்கு வருகிற வயரையும் பாருங்கள். இந்த மூன்றையும் தடிமனாக மாற்றினாலே பல வண்டிகளில் மங்குவது நின்றுவிடும்.

பவர் வயரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'ஆம்ப் கிட்' என்று மலிவாக வருகிற வயர் பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. அதே தடிமனுள்ள செம்பைவிட மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதைவிடப் பெரிய சிக்கல் வெட்டிய முனையில் இருக்கிறது: அங்கே அலுமினியமும் செம்பும் உப்பு ஈரத்தில் ஒன்றாக நனைந்தால் அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடியாகிறது. இந்தக் கரையில் அந்த வயரை வாங்காதீர்கள். முழுச் செம்பு வாங்குங்கள், படகுகளுக்கென்று வருகிற வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி கிடைத்தால் இன்னும் நல்லது. நாலு சேனல் ஆம்புக்கு 10 முதல் 16 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்), 500 வாட்ஸ் மோனோ (ஒரே சேனல்) ஆம்புக்கு 25 ஸ்கொயர். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருந்தே ஆக வேண்டும், ஆம்ப் பக்கத்தில் இருக்கிற ஃபியூஸ் ஆம்பைக் காப்பாற்றும், வண்டியைத் தீயிலிருந்து காப்பாற்றாது.

காலையில் பேட்டரி படுத்துவிடுகிறது

சாவியை எடுத்த பிறகும் ஆம்பின் ரிமோட் முனையில் (ஆம்பை ஆன் செய்யச் சொல்கிற வயர் வருகிற முனை) 12 வோல்ட் நிற்கிறதா பாருங்கள். நின்றால் ரிமோட் வயரை நிரந்தர பவரில் தட்டியிருக்கிறார்கள். செட்டின் பின்னால் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயர்தான் ரிமோட். வெறும் நீலம் ஆன்டெனாவுக்கு, சில செட்களில் ரேடியோ போட்டால் மட்டுமே அதில் கரண்ட் வரும், "ரேடியோவுக்கு பேஸ் வருகிறது, போனுக்கு வரவில்லை" என்ற புகார் ஆம்பின் ரிமோட்டை அந்த வயரில் இணைத்ததால்தான்.

விட்டு விட்டு வருகிறது

கதவைத் திறந்து மூடும்போது வந்து போனால், கீல் பக்கம் ரப்பர் குழாய்க்குள் வயர் முறிந்திருக்கிறது. மேடு பள்ளத்தில் வந்து போனால் ஆர்.சி.ஏ. பிளக். ஈரமான காலையில் மட்டும் என்றால் ஸ்பீக்கர் டெர்மினலில் களிம்பு, தேய்த்து ஈயம் வைத்து, சூட்டில் சுருங்குகிற குழாய் போடுங்கள்.

எஃப்.எம். மட்டும் இரைகிறது

பாம்பனிலேயே கடல் ஓசை 90.4 இரைகிறது என்றால் செட்டைக் குறைசொல்லும் முன் கூரை ஆன்டெனாவின் கம்பியைக் கழற்றி அடித்தளத்தைப் பாருங்கள், மரையில் உப்பு பூத்து எர்த் விட்டுப்போயிருக்கும். தேய்த்து முறுக்கினால் இலங்கை நிலையங்களும் திரும்பி வரும். அதன்பிறகும் இரைந்தால் டேஷ்கேம் சார்ஜரையும் மலிவு எல்.இ.டி. பல்பையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்றால்

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிற வாட்ஸை விட்டுவிட்டு ஆர்.எம்.எஸ். எங்கே என்று தேடுங்கள். '50×4' என்று எழுதிய செட் உண்மையில் ஒரு சேனலுக்கு 15 முதல் 20 வாட்ஸ் தான் சுத்தமாகத் தரும், ஏனென்றால் 14.4 வோல்ட்டை வைத்துக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கருக்கு வெட்டுப்படாமல் 26 வாட்ஸுக்கு மேல் கொடுக்கக் கணக்கே இடம் தராது. ஆம்பில் பொய்யைப் பிடிக்க அதன் மேலிருக்கிற ஃபியூஸைக் கூட்டுங்கள். 2000 வாட்ஸ் என்று எழுதி ஒரே ஒரு 30 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால், 30ஐ 13.8ஆல் பெருக்கி, கிளாஸ் டி என்றால் அதில் எண்பது சதவீதம், கிளாஸ் ஏபி என்றால் பாதிக்குச் சற்று மேல் எடுங்கள். கிளாஸ் டியே என்றாலும் ஏறக்குறைய 330 வாட்ஸ்தான் வரும்.

கிளாஸ் டியே வாங்குங்கள் என்பது என் கருத்து. சூடு குறைவு, அதனால் ஃபேன் இல்லாமலே ஓடும், ஃபேன் இல்லாத ஆம்புக்குள் உப்புத்தூசியும் குறைவாகப் போகும். திறந்த ஜீப்போ, கடற்கரை மணல்வரைக்கும் இறங்குகிற வண்டியோ வைத்திருப்பவர்கள் படகுக்கென்று வருகிற மரைன் ஆம்ப், மரைன் ஸ்பீக்கருக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம், வீண் இல்லை. மற்றவர்களுக்குத் தேவையில்லை, நல்ல இடத்தில் மாட்டினால் போதும்.

ஸ்பீக்கரில் பாலிப்ரொப்பிலீன் கோன், ரப்பர் விளிம்பு. ஃபோம் விளிம்பு இந்த வெயிலிலும் ஈரத்திலும் உதிர்ந்துவிடும். காகிதக் கோன் இனிமையாகப் பாடும், ஆனால் மேலே பூச்சு இல்லாத காகிதத்தை இங்கே கதவில் வைக்காதீர்கள். கூடு வார்ப்பு அலுமினியமாக இருந்தால் துருப் பிரச்சினையே இல்லை, இரும்பு என்றால் பெயின்ட் முழுமையாக இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். அப்புறம் சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரே வாட்ஸில் எவ்வளவு சத்தம் தரும் என்பது, இதை யாரும் கேட்பதே இல்லை. 91 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்ஸில் கொடுக்கிற சத்தத்தை 88 டெசிபல் ஸ்பீக்கர் கொடுக்க 40 வாட்ஸ் வேண்டும். ஆம்ப் இல்லாமல் செட்டிலேயே ஓட்டப்போகிறீர்கள் என்றால் 90க்குக் கீழே வாங்க வேண்டாம். ஜன்னல் திறந்து ஓட்டுகிற வண்டிக்கும் அப்படியே.

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முன் கதவில் தனி ட்வீட்டரோடு வருகிற காம்பொனென்ட் செட், ஒரு சேனலுக்கு 50 முதல் 75 ஆர்.எம்.எஸ். தருகிற நாலு சேனல் ஆம்ப், அதில் இரண்டு சேனல் முன் கதவுக்கு, மீதி இரண்டை பிரிட்ஜ் செய்து ஒரு 10 இன்ச் 4 ஓம் சப்வூஃபருக்கு. பின் கதவை செட்டிலேயே ஓடவிடுங்கள். வாடகை வண்டி என்றால் காம்பொனென்ட் வேண்டாம், ட்வீட்டர் நடுவிலேயே இருக்கிற கோஆக்சியல் போதும். ஆறரை இன்ச் வாங்கும் முன் கண்ணாடியை முழுக்க இறக்கி, காந்தம் இடிக்குமா என்று ஆழத்தை அளந்துகொள்ளுங்கள்.

சப்வூஃபர் பெட்டி எம்.டி.எஃப். பலகையில் வந்தால் ஒரு மழைக்காலத்தில் அடி உப்பி இணைப்பு விடும், பேஸ் 'புஸ்' என்று காற்றடிக்கும். மரைன் பிளையில் செய்யச் சொல்லுங்கள், ஸ்க்ரூ துருப்பிடிக்காத எஃகில்.

மாட்டி முடித்த அன்றே ஆம்ப் டெர்மினலில் வந்த வோல்ட்டையும், எர்த்தில் விழுந்த வோல்ட்டையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஆம்புக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை, தையில் ஒரு தடவை அதே இரண்டு அளவையும் மறுபடி எடுங்கள். எர்த் அளவு 0.1ஐத் தாண்டியிருந்தால் போல்ட்டைக் கழற்றித் தேய்த்து மூடுங்கள், அரை மணி நேர வேலை.